எடை கூடிய உடம்போடு ஓடத் தொடங்குவது எப்படி? வேலூர் வட்டாரத்தினருக்கு ஒரு வழிகாட்டி

தொண்ணூறு, நூறு கிலோ எடையுள்ள ஒருவர் ஓட ஆசைப்பட்டால் சுற்றியிருப்பவர்கள் இரண்டு விதமாகப் பேசுவார்கள். "முதலில் எடையைக் குறை, பிறகு ஓடலாம்" என்பார் ஒருவர். "மனம் வைத்தால் முடியாதது எது? நாளைக்கே இறங்கு" என்பார் இன்னொருவர். இரண்டு பேச்சும் அவரை வீட்டில் உட்கார வைத்துவிடும். முதல் பேச்சு அன்றே உட்கார வைக்கும். இரண்டாவது, மூன்று வாரம் கழித்து, வீங்கிய காலோடு உட்கார வைக்கும்.

எடை கூடியவர்கள் ஓடலாம். தாராளமாக ஓடலாம். ஆனால் ஒன்றைத் தெரிந்துகொண்டு தொடங்க வேண்டும்: உடம்பின் எல்லாப் பாகங்களும் ஒரே வேகத்தில் பழகுவதில்லை. இதயமும் நுரையீரலும் சில வாரங்களிலேயே தேறிவிடும். தசைகள் அதற்குச் சற்றுப் பின்னால் வரும். எலும்புக்கும் தசையை எலும்போடு பிணைக்கும் தசைநாணுக்கும் மாதக்கணக்கில் ஆகும். அதனால் மூன்றாவது, நான்காவது வாரத்தில் மூச்சிரைப்பு குறைந்தவுடன் "இன்னும் கொஞ்சம் ஓடினால் என்ன?" என்று தோன்றும். அந்த நேரத்தில் கால் இன்னும் தயாராகியிருக்காது. புதியவர்கள் அடிபடுவது பெரும்பாலும் இந்த இடைவெளியில்தான். கீழே சொல்லப்போவதெல்லாம் பின்தங்கி வரும் காலுக்காகக் காத்திருக்கும் வழிகள்.

முதலில் மருத்துவர்

உங்கள் எடையைக் கிலோவிலும் உயரத்தை மீட்டரிலும் எழுதுங்கள். எடையை உயரத்தின் வர்க்கத்தால் வகுத்தால் கிடைப்பது பி.எம்.ஐ. 1.65 மீட்டர் உயரமும் 90 கிலோ எடையும் உள்ளவருக்கு அது ஏறத்தாழ 33. ஆசிய உடல்வாகுக்கு 23க்கு மேல் போனால் அதிக எடை, 25க்கு மேல் போனால் உடல் பருமன் என்று நம் மருத்துவர்கள் கணக்கிடுகிறார்கள். இந்த எண்ணைக் கண்டு கலங்க வேண்டாம். எந்தப் படியில் தொடங்குவது, எவ்வளவு மெதுவாகப் போவது என்று முடிவு செய்ய மட்டும் இது உதவும்.

நாற்பது வயதைத் தாண்டியவர்கள், சர்க்கரையோ ரத்த அழுத்தமோ உள்ளவர்கள், குடும்பத்தில் இளவயதிலேயே மாரடைப்பு கண்டவர்கள், மாடிப்படி ஏறும்போது நெஞ்சு இறுக்கமோ தலைசுற்றலோ வருபவர்கள், பல ஆண்டுகளாக உடற்பயிற்சியே இல்லாதவர்கள் ஆகியோர் மருத்துவரைப் பார்க்காமல் ஓடக் கூடாது. ரத்த அழுத்தம், வெறும் வயிற்றுச் சர்க்கரை, ஈ.சி.ஜி. ஆகியவை பார்த்தாக வேண்டியவை. டிரெட்மில் சோதனை தேவையா என்பதை மருத்துவர் சொல்வார். அழுத்தமும் சர்க்கரையும் பார்க்க ஆரம்ப சுகாதார நிலையத்தில் காசு கேட்க மாட்டார்கள். வேலூரைச் சுற்றியுள்ள கிராமத்தவர்களும் செலவுக்கு அஞ்சி இதைத் தள்ளிப்போட வேண்டியதில்லை.

மருத்துவரிடம் "ஓடலாமா?" என்று மட்டும் கேட்டு நிறுத்தாதீர்கள். சாப்பிடும் மாத்திரைகளின் சீட்டை எடுத்துச் சென்று, ஓடும் நாளில் அவற்றை எப்படிச் சாப்பிடுவது என்று கேளுங்கள். இன்சுலின் போடுபவர்களுக்கும் கிளிமிபிரைடு போன்ற மாத்திரை சாப்பிடுபவர்களுக்கும் ஓட்டத்தின்போதோ அதன் பிறகோ சர்க்கரை திடீரென்று இறங்கலாம். கை நடுக்கம், குளிர்ந்த வியர்வை, பார்வை மங்கல், காரணமில்லாத எரிச்சல் ஆகியவை அதன் அறிகுறிகள். பையில் குளுகோஸோ நாலைந்து சர்க்கரைக் கட்டிகளோ எப்போதும் இருக்கட்டும். பாதத்தில் மரத்துப்போன உணர்வு இருந்தால் ஓடுவதற்கு முன்னும் பின்னும் உள்ளங்காலைக் கண்ணால் பார்த்துவிடுங்கள். மரத்த காலில் கொப்புளம் வந்தாலும் தெரியாது. ரத்த அழுத்தத்துக்கு பீட்டா பிளாக்கர் வகை மாத்திரை சாப்பிடுபவர்களுக்கு நாடித்துடிப்பு இயல்பாக ஏறாது. அவர்கள் கைக்கடிகாரம் காட்டும் எண்ணை நம்பாமல், பேச முடிகிறதா என்பதை வைத்தே வேகத்தை முடிவு செய்ய வேண்டும்.

ஷூ, துணி, உராய்வு

ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டை என்று உலகத்துக்கே தோல் ஷூ செய்து அனுப்பும் ஊர்கள் நம்முடையவை. வீட்டில் நல்ல ஷூ ஒன்றாவது இருக்கும். ஆனால் தோல் ஷூவோ கான்வாஸ் ஷூவோ ஓட்டத்துக்கு ஆகாது. ஓடுவதற்கென்று செய்த ஷூ ஒன்று வேண்டும். இந்தத் திட்டத்தில் பணம் செலவழிக்க வேண்டிய முதல் பொருள் அதுதான். கடிகாரம், காதில் மாட்டும் கருவி, விலையுயர்ந்த பனியன் எதுவும் இப்போதைக்குத் தேவையில்லை.

ஷூ வாங்க மாலையில் போங்கள். நாள் முழுவதும் நின்று நடந்த பாதம் சற்று உப்பியிருக்கும், ஓடும்போதும் அப்படித்தான் உப்பும். எழுந்து நின்ற நிலையில் நீளமான விரலுக்கு முன்னால் ஒரு கட்டைவிரல் அகலம் இடம் இருக்க வேண்டும். எடை கூடியவர்களின் பாதம் பெரும்பாலும் அகன்றிருக்கும். பக்கவாட்டில் இறுக்கினால் ஒரு எண் பெரியதைப் போட்டுச் சமாளிக்காமல், அகலமான வடிவம் இருக்கிறதா என்று கேளுங்கள். கடைக்குள்ளேயே பத்து அடி மெதுவாக ஓடிப் பாருங்கள். கடைக்காரர் பார்த்தால் பார்க்கட்டும். ஒரு ஓட்ட ஷூ 500 முதல் 800 கிலோமீட்டர் வரை தாங்கும் என்பது பொதுக் கணக்கு. எடை கூடியவர்களிடம் அது 500 பக்கமே முடிந்துவிடும். அடிப்பகுதி ஒரு பக்கம் தேய்ந்து சாய்ந்தால் மாற்றிவிடுங்கள்.

தொடைகள் ஒன்றோடொன்று உரசிப் புண்ணாவதைப் பற்றி வெளியில் யாரும் பேசுவதில்லை. இது ஒரே காலையில் ஓட்டத்தின் மேல் வெறுப்பை உண்டாக்கிவிடும். முழங்கால் வரை இறுக்கமாகப் பிடிக்கும் உள்கால்சட்டை ஒன்றைப் போட்டு அதன் மேல் வழக்கமான டிராக் பேன்டோ சுடிதாரோ போட்டுக்கொள்ளுங்கள். உரசும் இடங்களில் வாசலைன் தடவுங்கள். அக்குள், மார்பின் அடிப்பகுதி, இடுப்பு மடிப்பு எல்லாவற்றுக்கும் இது பொருந்தும். பருத்திப் பனியன் வியர்வையை வாங்கி ஈரச்சாக்காகத் தொங்கும். மெல்லிய பாலியெஸ்டர் பனியன் விலையும் குறைவு, சீக்கிரம் காயும். பெண்கள் விளையாட்டுக்கென்று செய்த உள்ளாடையைத் தவிர்க்க முடியாத பொருளாகக் கருத வேண்டும். அது இல்லாமல் ஓடினால் வலி மார்போடு நிற்காது, தோளுக்கும் முதுகுக்கும் ஏறும்.

எங்கே, எப்போது

வேலூர் நகரத்தவர்களுக்குக் கோட்டை இருக்கிறது. காலையில் அங்கே நடப்பவர்கள் நிறைய. அகழிக்கு அந்தப் பக்கம் போக்குவரத்து நெரியும்போதும் உள்ளே அமைதியாக இருக்கும். சம தரை, மர நிழல், ஆள் நடமாட்டம் மூன்றும் புதியவருக்கு வேண்டியவை. தனியாக வரும் பெண்களுக்கும் அந்த நடமாட்டமே துணை. மதில் மேலும் படிக்கட்டுகளிலும் ஓட வேண்டாம், பழைய கல் வழுக்கும். காட்பாடி, சத்துவாச்சாரிப் பக்கம் இருப்பவர்கள் குடியிருப்புகளின் உட்தெருக்களையோ பள்ளி, கல்லூரி மைதானங்களையோ தேடிக்கொள்ளலாம். சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையின் சர்வீஸ் சாலையில் ஓடுபவர்களைப் பார்க்கிறேன். பார்க்கும்போதெல்லாம் நெஞ்சு பதறுகிறது. லாரியும் எதிர்த்திசையில் வரும் இருசக்கர வண்டியும் உள்ள அந்த இடத்தில் தயவுசெய்து ஓடாதீர்கள்.

பாலாற்று மணல் ஆசை காட்டும். மெத்தென்று இருக்கிறதே, முட்டிக்கு நல்லதுதானே என்று தோன்றும். ஆனால் தளர்ந்த மணலில் குதிகால் புதைந்து, ஒவ்வொரு அடிக்கும் கெண்டைக்காலும் குதிகால் தசைநாணும் அளவுக்கு மேல் இழுபடும். ஆற்று மணலை நடைக்கு வைத்துக்கொள்ளுங்கள். இறுகிய மண்தரைதான் ஓட்டத்துக்கு நல்லது. கிராமத்தவர்களுக்கு ஏரிக்கரை மண்பாதை கிடைக்கும். நன்றாக விடிந்த பிறகு போங்கள், இருட்டில் பாம்பும் தெரியாது, பள்ளமும் தெரியாது. ஏலகிரி மலைச்சாலையின் பதினான்கு கொண்டை ஊசி வளைவுகளில் ஓட வேண்டும் என்ற கனவு இருந்தால் அதை அடுத்த ஆண்டுக்கு வைத்துக்கொள்ளுங்கள். ஏற்றம் மூச்சை வாங்கும், இறக்கம் முட்டியை வாங்கும்.

நேரம் என்று வந்தால் நம் ஊரில் விடியற்காலைக்கு மாற்று இல்லை. வேலூரைச் சுற்றியுள்ள பாறைக் குன்றுகள் பகலெல்லாம் வாங்கிய சூட்டை மாலையிலும் முன்னிரவிலும் விட்டுக்கொண்டே இருக்கும். தார்ச்சாலையும் அப்படித்தான். நாள் முழுவதிலும் சூடு மிகக் குறைவாக இருப்பது சூரியன் உதிப்பதற்குச் சற்று முந்தைய நேரம். தொடங்குவதற்கு நல்ல காலம் மழை ஓய்ந்த டிசம்பரும் தையும். பொங்கல் முடிந்து தொடங்கினால் கோடை வருவதற்குள் உடம்பு ஓரளவு பழகிவிடும். இதைச் சித்திரையில் படிக்கிறீர்கள் என்றால் கத்திரி வெயில் முடியும் வரை நடையோடு நிறுத்திக்கொள்வதே என் ஆலோசனை.

ஓட்டத்துக்கு முன் நடை

முதல் மூன்று, நான்கு வாரம் ஓட்டமே வேண்டாம். வாரத்துக்கு ஐந்து நாள் நடங்கள். பத்து நிமிடத்தில் தொடங்கி, சில நாளுக்கு ஒருமுறை ஐந்து ஐந்து நிமிடமாகக் கூட்டி, 30 நிமிடத்துக்கு வாருங்கள். நடை கைவீசி, சற்று மூச்சு வாங்கும்படி இருக்க வேண்டும். வாரத்துக்கு குறைந்தது 150 நிமிடம் மிதமான உழைப்பு என்று உலக சுகாதார நிறுவனம் பெரியவர்களுக்குச் சொல்லும் அளவும் இதனோடு நிறைவேறிவிடும்.

இந்தப் படியைத் தாண்டிவிட்டோமா என்று எப்படித் தெரிந்துகொள்வது? 30 நிமிடம் வேகமாக நடந்த மறுநாள் காலை கட்டிலிலிருந்து இறங்கி முதல் அடி வைக்கும்போது குதிகாலிலோ முட்டியிலோ கணைக்காலிலோ வலி இல்லையென்றால் தாண்டிவிட்டீர்கள். வலி இருந்தால் இன்னும் ஒரு வாரம் நடங்கள். நூற்றுப்பத்து கிலோவுக்கு மேல் உள்ளவர்கள் இந்தப் படியில் இரண்டு, மூன்று மாதம் தங்கினாலும் குற்றமில்லை. நடக்கும்போது முட்டியில் விழும் சுமையை அளந்த ஆய்வு ஒன்றில், உடம்பில் ஒரு கிலோ குறைந்தால் ஒவ்வொரு அடியிலும் முட்டிக்கு நான்கு கிலோ சுமை குறைவதாகத் தெரியவந்தது. நடையில் இழக்கும் மூன்று, நான்கு கிலோ பிறகு ஓட்டத்தில் பெரிய உதவியாக இருக்கும்.

கூடவே வீட்டில் மூன்று பயிற்சி. நாற்காலியில் உட்கார்ந்து, கையை ஊன்றாமல் எழுந்து, மெதுவாக மறுபடி உட்காருவது. சுவரைப் பிடித்துக்கொண்டு குதிகாலை உயர்த்தி, மூன்று எண்ணும் வரை நிறுத்தி, மெதுவாக இறக்குவது. மல்லாந்து படுத்து முழங்காலை மடக்கி இடுப்பை மேலே தூக்குவது. ஒவ்வொன்றும் பத்து தடவை, இரண்டு சுற்று, வாரத்துக்கு மூன்று நாள். இதைச் செய்யாமல் ஓட்டத்தை மட்டும் செய்வோம் என்று நினைப்பவர்கள் பலர். தொடையும் கெண்டைக்காலும் தாங்காத சுமையெல்லாம் மூட்டுக்குப் போகிறது என்பதை நினைவில் வைத்துக்கொண்டால் இதைத் தள்ளிப்போட மனம் வராது.

முதல் ஓட்டம்

நடக்கும்போது ஏதாவது ஒரு கால் தரையில் இருந்துகொண்டே இருக்கும். ஓடும்போது இரண்டு காலும் ஒரு நொடி தரையை விட்டு எழும்பி, முழு உடம்பும் ஒற்றைக் காலில் வந்து இறங்கும். அப்போது தரை திருப்பித் தரும் விசை உடல் எடையைப் போல இரண்டு முதல் மூன்று மடங்கு. 90 கிலோ உள்ளவருக்கு ஒவ்வொரு அடியிலும் 180 முதல் 270 கிலோ. ஆகவே எண்ண வேண்டியது அடிகளை. முதல் மாதத்தில் ஓட்ட அடிகள் மிகக் குறைவாக இருக்க வேண்டும்.

டென்மார்க்கில் புதிய ஓட்டக்காரர்களை வைத்துச் செய்து 2014இல் வெளியான ஆய்வு ஒன்று, பி.எம்.ஐ. 30க்கு மேல் உள்ளவர்கள் முதல் வாரத்தில் 3 கிலோமீட்டருக்கு மேல் ஓடினால் அடிபடும் வாய்ப்பு கூடலாம் என்று கண்டது. வாரம் முழுவதற்குமே 3 கிலோமீட்டர்தான்! ஜோஷ் கிளார்க் என்பவர் 1996இல் அமைத்த ஒன்பது வாரத் திட்டம் உலகெங்கும் பரவியிருக்கிறது. சோபாவிலிருந்து எழுந்து ஐந்து கிலோமீட்டர் ஓடுவதற்கான திட்டம் அது. ஒரு நிமிட ஓட்டம், ஒன்றரை நிமிட நடை என்று தொடங்கி, ஐந்தாவது வாரக் கடைசியிலேயே 20 நிமிடம் நிற்காமல் ஓடச் சொல்லும். நல்ல திட்டம்தான். ஆனால் கனத்த உடம்புக்கு அந்த ஐந்தாவது வாரம் சீக்கிரம் வந்துவிடுகிறது. அதே பாதையை இருபது வாரமாக நீட்டிப் போகச் சொல்வேன்.

வாரத்துக்கு மூன்று நாள். திங்கள், புதன், சனி என்று வைத்துக்கொள்ளலாம், இரண்டு ஓட்ட நாட்கள் அடுத்தடுத்து வரக் கூடாது. ஒவ்வொரு நாளும் பத்து நிமிட நடையில் தொடங்கி ஐந்து நிமிட நடையில் முடியும். இடைப்பட்ட பகுதிதான் மாறும்.

முதல் இரண்டு வாரம்: அரை நிமிடம் மெல்லோட்டம், இரண்டு நிமிடம் நடை. இப்படி எட்டு தடவை. மொத்த ஓட்டம் நான்கே நிமிடம், தூரத்தில் ஏறக்குறைய அரைக் கிலோமீட்டர். மூன்று நாளுக்கும் சேர்த்து ஒன்றரைக் கிலோமீட்டர்தான் வரும். இவ்வளவுதானா என்று தோன்றும். இவ்வளவுதான்.

மூன்றாவது, நான்காவது வாரம்: ஒரு நிமிட ஓட்டம், இரண்டு நிமிட நடை, ஏழு தடவை. இந்த வாரங்களில்தான் மூச்சு முந்திக்கொள்ளும் என்று முதலில் சொன்னேன். உடம்பு லேசாகத் தெரியும், காலையில் தானாகவே விழிப்பு வரும், கோட்டையில் முன்னால் போகிறவரைத் தாண்டிப் போக ஆசை வரும். தாண்டாதீர்கள். மீதமிருக்கும் தெம்போடு வீடு திரும்புவதுதான் இந்த மாதத்தின் பாடத்திட்டம்.

ஐந்தாவது, ஆறாவது வாரம் ஒன்றரை நிமிட ஓட்டம், இரண்டு நிமிட நடை, ஆறு தடவை. ஏழாவது வாரத்தில் வேண்டுமென்றே ஒரு படி இறங்கி, மூன்றாவது வாரத்தில் செய்ததையே செய்யுங்கள். எலும்பு வலுப்பெறுவது இப்படிப்பட்ட ஓய்வு வாரங்களில். எட்டிலிருந்து பத்து வரை, இரண்டு நிமிட ஓட்டத்துக்கு இரண்டு நிமிட நடை, ஐந்து தடவை. அதன் பிறகு மூன்று நிமிடம், ஐந்து நிமிடம், எட்டு நிமிடம் என்று ஓட்டத்தை நீட்டி, இடையில் இரண்டு நிமிட நடையை அப்படியே வைத்திருங்கள். ஒவ்வொரு படியிலும் இரண்டு, மூன்று வாரம். நான்கு, ஐந்து வாரத்துக்கு ஒருமுறை ஒரு படி இறங்கும் ஓய்வு வாரம். எந்தப் படியில் திணறினாலும் அதையே மறுபடி செய்யுங்கள். இருபது வாரம் இருபத்தெட்டு வாரமானால் ஒன்றும் குறையாது.

நடந்து நடந்து ஓடுவது ஓட்டமே அல்ல என்று சொல்பவர்கள் உண்டு. 1972 ஒலிம்பிக்கில் 10,000 மீட்டர் ஓடிய அமெரிக்க வீரர் ஜெஃப் கேலோவே பல ஆண்டுகளாகக் கற்பித்தது இதே முறையைத்தான். நடை கலந்து ஓடி மாரத்தான் முடித்தவர்கள் எண்ணற்றவர்கள்.

வேகம் எவ்வளவு? பக்கத்தில் ஓடுபவரிடம் முழு வாக்கியமாகப் பேச முடிய வேண்டும். "நேற்று குடியாத்தம் போயிருந்தேன், சந்தையில் தக்காளி விலை குறைந்திருந்தது" என்று ஒரே மூச்சில் சொல்ல முடியாவிட்டால் வேகம் கூடிவிட்டது. பலருக்கு இந்த வேகம் வேக நடையைவிடச் சற்றே கூடுதலாக இருக்கும். அருகில் ஒரு பெரியவர் நடந்தே உங்களைத் தாண்டிப் போகலாம். போகட்டும்.

அடி சிறியதாக இருக்கட்டும். காலை முன்னே எட்டி நீட்டி வைத்தால் ஒவ்வொரு அடியும் வண்டியின் பிரேக் போல உடம்பைத் தடுத்து, அந்த அதிர்வை முட்டியில் இறக்கும். இடுப்புக்கு நேர் கீழே பாதம் விழும்படி, குட்டிக் குட்டியாக, சற்று விரைந்து எடுத்து வையுங்கள். அடியோசை கேட்காமல் ஓட முயன்றாலே பாதி சரியாகிவிடும். தோள் இறங்கியிருக்கட்டும், கை இறுகாமல் இருக்கட்டும், பார்வை பத்து, பதினைந்து மீட்டர் முன்னால்.

எந்த வலிக்கு நிற்பது

தொடை, கெண்டைக்கால் தசை இரண்டு பக்கமும் ஒரே மாதிரி வலித்து, ஓரிரு நாளில் போய்விட்டால் அது பழகும் வலி. ஒரே பக்கம், ஒரே புள்ளியில், விரல் வைத்துக் காட்டும்படி வலித்தால் அது எச்சரிக்கை. கணைக்கால் எலும்பின் உட்புறம் நீளவாக்கில் வலிப்பது அளவு மீறியதைக் காட்டும். ஒரு வாரம் ஓட்டத்தை நிறுத்தி நடையோடு இருங்கள். அதே எலும்பில் ஒரு சிறு இடத்தை அழுத்தினால் சுளீரென்று வலித்து, இரவில் படுத்திருக்கும்போதும் வலித்தால் எலும்பில் நுண்விரிசலாக இருக்கலாம், மருத்துவரைப் பார்த்தே ஆக வேண்டும். காலையில் முதல் அடியில் குதிகால் குத்தினால் உள்ளங்கால் நார் அழற்சியாக இருக்கலாம். குதிகாலுக்கு ஓய்வும் கெண்டைக்கால் நீட்டல் பயிற்சியும் கொடுங்கள், வீட்டுக்குள்ளும் வெறுங்காலோடு கடினத் தரையில் நடக்காதீர்கள். முட்டி வீங்கினாலோ, ஓடும்போது நடை கோணினாலோ அன்றைய ஓட்டம் அத்தோடு முடிந்தது.

நெஞ்சு இறுக்கம், இடது கைக்கோ தாடைக்கோ பரவும் வலி, மயக்கம், குளிர்ந்த வியர்வை இவற்றில் எது வந்தாலும் "வாயுவாக இருக்கும்" என்று சோடா குடித்துக் காத்திருக்க வேண்டாம். உட்காருங்கள், 108ஐ அழைக்கச் சொல்லுங்கள்.

முட்டி தேய்ந்துவிடும் என்ற பயத்தைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். "தம்பி, இந்த உடம்போடு ஓடினால் முட்டி போய்விடும்" என்று கோட்டையில் யாராவது ஒருவர் கட்டாயம் சொல்வார். அக்கறையில்தான் சொல்கிறார். 2017இல் வெளியான ஒரு தொகுப்பாய்வில் இடுப்பு, முட்டி மூட்டுத் தேய்மானம் பொழுதுபோக்காக ஓடுபவர்களிடம் 3.5 சதவீதமும், ஓடாமல் உட்கார்ந்தே இருப்பவர்களிடம் 10.2 சதவீதமும், போட்டிக்காகக் கடுமையாக ஓடுபவர்களிடம் 13.3 சதவீதமும் இருந்தது. எடை கூடியவர்களை மட்டும் எடுத்துச் செய்த ஆய்வல்ல இது. ஆகவே இதைக் காட்டி அவசரப்படவும் கூடாது. அளவான ஓட்டம் மூட்டை அழித்துவிடும் என்ற பேச்சு உண்மையல்ல என்று தெரிந்துகொண்டால் போதும். மூட்டு ஏற்கெனவே தேய்ந்தவர்கள் மருத்துவரோ பிசியோதெரபிஸ்ட்டோ சொல்லாமல் ஓட வேண்டாம். நீச்சலும் சைக்கிளும் அவர்களுக்குக் காத்திருக்கின்றன.

வெயிலும் தண்ணீரும்

கொழுப்புப் படலம் உடம்பின் சூட்டை வெளியே விடாமல் பிடித்து வைக்கும். எடை கூடியவர்களுக்கு அதே வெயில் கூடுதல் வெயில். மே மாதத்தில் வேலூரில் பாதரசம் 40 டிகிரியைத் தாண்டுவது வழக்கமான செய்தி. மார்ச்சுக்குப் பிறகு ஆறரை மணிக்குள் முடித்துவிடும்படி கிளம்புங்கள். வெயில் ஏறும் புதிய பருவத்துக்கு உடம்பு பழக பத்து முதல் பதினான்கு நாள் ஆகும். அந்த நாட்களில் ஓட்டத்தைப் பாதியாக்குங்கள்.

எழுந்தவுடன் ஒரு தம்ளர் தண்ணீர், கையில் ஒரு சிறு பாட்டில். ஒரு மணி நேரத்துக்குக் குறைந்த பயிற்சிக்குத் தண்ணீரே போதும். கடையில் விற்கும் வண்ண பானங்கள் சர்க்கரையைத்தான் ஏற்றும். திரும்பி வந்தபின் உப்புப் போட்ட நீர்மோர் போல நல்லது வேறில்லை. ரத்த அழுத்தம் உள்ளவர்கள் உப்பைக் குறைத்துக்கொள்ளுங்கள். தலைவலி, குமட்டல், தசைப்பிடிப்பு வந்தால் நிழலுக்குப் போய் நனைத்த துணியால் துடையுங்கள். பேச்சு குழறினாலோ தடுமாறினாலோ அது வெப்பத்தாக்கு. உடம்பில் தண்ணீரை ஊற்றிக் குளிர்வித்துக்கொண்டே மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டும்.

சோறும் தராசும்

ஒரு கிலோமீட்டர் ஓட உடல் எடையின் ஒரு கிலோவுக்கு ஏறத்தாழ ஒரு கலோரி செலவாகும். 90 கிலோ உள்ளவர் மூன்று கிலோமீட்டர் ஓடினால் சுமார் 270. ஞாயிற்றுக்கிழமை ஆம்பூர் பிரியாணி ஒரு முழுத்தட்டு இதைச் சுலபமாகத் தாண்டிவிடும். ஓடிவிட்டோம் என்பதற்காகக் கூடுதலாகச் சாப்பிட்டால் எடை இறங்காது. பிரியாணியை விட்டுவிடச் சொல்லவில்லை. அரைத்தட்டும், கூட வரும் கத்தரிக்காய்த் தொக்கும், தயிர் வெங்காயமும் போதும். நம் பக்கத்துக் கேழ்வரகுக் களியும் கீரைக் கடைசலும், காலையில் கூழும் மோரும் வயிற்றை நெடுநேரம் தாங்கும். ஆனால் களியும் மாவுச்சத்துதான். உருண்டையின் அளவைக் குறைத்து, பருப்பு, முட்டை, மீன், சுண்டல் இவற்றைக் கூட்டுங்கள். வேர்க்கடலை நல்லது, ஒரு கைப்பிடியோடு.

தராசை மாதத்துக்கு ஒருமுறை பாருங்கள். முதல் மாதத்தில் முள் நகராமலும் இருக்கலாம். பழகும் தசை நீரைப் பிடித்து வைப்பதும் அதற்கு ஒரு காரணம். அதைவிட இடுப்பைச் சுற்றி டேப் வைத்து அளப்பது நம்பகமானது. நம்மவர்களுக்கு ஆண்களில் 90 சென்டிமீட்டரும் பெண்களில் 80 சென்டிமீட்டரும் எல்லை. எடைக்கு முன்பே அங்கே மாற்றம் தெரியத் தொடங்கலாம். தூக்கம், இரவுச் சர்க்கரை, மாடிப்படியில் வாங்கும் மூச்சு ஆகியவற்றையும் ஒரு நோட்டில் எழுதி வாருங்கள்.

பார்ப்பவர்களும் நாய்களும்

"இந்த வயதில் எதற்கம்மா ஓட்டம்? வீட்டு வேலை செய்தாலே போதுமே" என்று கேட்பவர்கள் இருப்பார்கள். சிரித்தபடி ஒரு வணக்கம் சொல்லிவிட்டுப் போங்கள். கொஞ்ச நாளில் அதே முகங்கள் "நேற்று ஏன் வரவில்லை?" என்று கேட்கத் தொடங்கும். கனத்த உடம்போடு பொதுவெளியில் ஓட வருவதற்கே ஒரு துணிச்சல் வேண்டும். ஏற்கெனவே ஓடிக்கொண்டிருப்பவர்கள் இவர்களைக் கண்டால் வழிவிட்டு, மரியாதையோடு பேச வேண்டும். முடிந்தால் இருவராகத் தொடங்குங்கள். அக்காவும் தங்கையும், கணவனும் மனைவியும், பக்கத்து வீட்டுக்காரரும் நீங்களும். துணைக்கு ஒருவர் காத்திருக்கிறார் என்றால் எழுந்திருக்காமல் இருக்க முடியாது.

தெருநாய் குரைத்துக்கொண்டு வந்தால் ஓட்டத்தை நிறுத்தி நடக்கத் தொடங்குங்கள், கண்ணைப் பார்க்காமல், முதுகைக் காட்டாமல். கடித்துவிட்டால் சோப்பு போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவிவிட்டு அன்றே அரசு மருத்துவமனையில் தடுப்பூசி போட்டுக்கொள்ளுங்கள். மஞ்சள், சுண்ணாம்பு எதையும் வைக்க வேண்டாம்.

இருபது நிமிடம் வந்த பிறகு

நிற்காமல் 20 நிமிடம் ஓட முடிந்ததும் அங்கேயே ஒரு மாதம் இருங்கள். பிறகு மூன்று நாளில் ஒரே ஒரு நாளை மட்டும், வாரத்துக்கு இரண்டு நிமிடம் என்று நீட்டுங்கள். மற்ற இரண்டு நாளும் பழைய அளவிலேயே இருக்கட்டும். வேகத்தையும் தூரத்தையும் ஒரே மாதத்தில் கூட்டாதீர்கள்.

இடையில் காய்ச்சல் வரும், கல்யாணம் வரும், ஐப்பசி மழை வரும், ஆடியில் ஊர்த் திருவிழா வரும். ஒரு வாரம் விட்டால் விட்ட இடத்திலிருந்தே தொடரலாம். இரண்டு வாரம் விட்டால் இரண்டு படி கீழே இறங்கித் தொடங்குங்கள். டெங்கு, டைபாய்டு போன்ற காய்ச்சலாக இருந்தால் மருத்துவர் சரி என்று சொல்லும் வரை நடையும் வேண்டாம். ஒரு மாதம் விட்டுப்போனால் மறுபடியும் 30 நிமிட நடைச் சோதனை. மறுநாள் காலை முதல் அடி வலிக்காமல் விழுந்தால், அரை நிமிட ஓட்டத்திலிருந்து தொடங்குங்கள்.